மிதிபட்ட திருமுகம்

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’ என்னும் நாவல் 1966-இல் வெளிவந்தது. 2016-இல் வந்த திரைப்படத்தின் வழியே மட்டும் அதனை அறிந்தவரும் நம்மிடையே உண்டு. மக்கள் துன்புறுகையில் இறைவன் ஏன் வாய் திறப்பதில்லை என்பதே நூலின் வினா என்று பொதுவாகக் கூறுவர். தலைப்பும் அவ்வாறே எண்ணத் தூண்டுகிறது. ஊன்றிப் படிப்போர்க்கோ, தொடக்கம் முதல் இறுதி வரை கதையை நடத்திச் செல்வது ஒரு முகம் என்பது புலப்படும்.

17-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த ஜப்பானுக்குள் ரொட்ரிகஸ் என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு மறைவாக நுழைகிறார். அவர் நெஞ்சில் கொண்டுவந்த கிறிஸ்து, இத்தாலிய ஓவியம் ஒன்றில் கல்லறையின்மீது ஒரு காலை ஊன்றி நேர்நோக்கி நிற்கும் உயிர்த்த ஆண்டவர். வலிமையும் எழிலும் பொலியும் முகம் அது. அத்தகைய ஆண்டவரின் ஊழியனுக்கு மறைசாட்சி மரணமும் ஒளிமிக்கதாகவே இருத்தல் வேண்டும் அன்றோ! மலையில் ஒளிந்து திரியும் வேளையில் மழைநீர்க் குட்டையில் தம் முகத்தைக் காண்கிறார். உடனே சிலுவையில் அறையுண்டவரின் முகம் நினைவுக்கு வருகிறது. பக்தி எது, தற்பெருமை எது என்று பிரித்தறிய இயலாத இடம் இது. எண்டோ விளக்கம் ஏதும் சொல்லாமல் கடந்துவிடுகிறார்.

அவ்விளக்கம் சிறைக் காட்சியில் கிடைக்கிறது. தம் இறுதி இரவைக் கெத்சமனியோடு ஒப்பிட்டுக் கொண்டிருக்கும் ரொட்ரிகஸின் செவியில் காவலனின் குறட்டை ஒலி விழுகிறது. நகைப்பும் சினமும் எழுகின்றன. அது குறட்டை அன்று, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தவர்களின் முனகல் என்று, அவருக்கு முன்பே மறையைத் துறந்த அவருடைய ஆசிரியர் ஃபெரைரா அறிவிக்கிறார். கிறிஸ்துவின் முகத்தை அத்துணை நுட்பமாகத் தியானித்த மனிதர், அருகிலிருந்தோரின் வேதனையைக் குறட்டை என்று கேட்டிருக்கிறார். இந்நூலின் மிகக் கடுமையான பக்கம் இதுவே எனலாம்.

விடியலில் அவர் முன் வைக்கப்படும் செப்புத் திருவுருவில் அந்த எழில்முகம் இல்லை. அஞ்சி நடுங்கியவர்களின் பாதங்கள் பட்டுப் பட்டுத் தேய்ந்த முகமே இருக்கிறது. மிதி என்று அது சொல்வதாக அவர் உணர்கிறார். தமக்கு இசைவான கடவுளை எண்டோ புனைந்துகொண்டார் என்று சிலர் குறை கூறுவர். எளிதில் தள்ளத்தக்க குறை அன்று இது. தாயைப் போன்று பொறுத்துக்கொள்ளும் கிறிஸ்துவைத் தேடியவர் எண்டோ. கேள்வி கேட்கும் கிறிஸ்து அவரிடம் சற்று மங்கியே தெரிகிறார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் முகம் ரொட்ரிகஸ் தாமே விரும்பிப் போற்றியது. இரண்டாவதோ பிறர் பாதங்கள் செதுக்கியது. முதல் முகத்தோடு வாழ்ந்தபோது, தம்மைக் காட்டிக்கொடுத்த கிச்சிஜிரோவின்மீது அவருக்கு அருவருப்பே மிஞ்சியது. தேய்ந்த முகத்தைக் கண்ட பின்னரோ அதே மனிதனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறார்.

என் மனக்குறை வேறு. விண்ணகத்தில் பசியும் இல்லை, வரிச்சுமையும் இல்லை என்று நம்பும் சிற்றூர்ப் பெண்ணொருத்தி சிறையில் அவரிடம் பேசுகிறாள். விண்ணகம் அத்தகையது அன்று எனத் திருத்த அவர் நா எழுகிறது, அடக்கிக்கொள்கிறார். கற்றவரின் கடவுள் உருவம் உடைந்த வரலாற்றை நூல் முழுதும் விரித்துரைத்த எண்டோ, அந்த எளிய உருவம் எதைத் தாங்கிற்று என்பதை வெளியிலிருந்தே பார்க்கிறார்.

வரலாறு அதனைக் காட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் திருவுருவை மிதித்துவிட்டு, வீடு திரும்பி மனத்துயர் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மறைவில் திருமுழுக்களித்து வந்த குடும்பங்கள் நாகசாகிப் பகுதியில் இருந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவையே காணாத அம்மக்களில் ஒரு சிலர், 1865 மார்ச் 17 அன்று அங்குப் புதிதாக எழுந்த ஓவுரா ஆலயத்திற்கு வந்தனர். பிரெஞ்சுக் குரு பெத்திழான் அருகில் முழந்தாளிட்டிருக்க, ஒரு பெண் அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டது, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று. அவர் அழைத்துச் சென்று காட்டினார். அன்னையின் கையில் குழந்தை இருப்பதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தனர்.