பாடம் ஓரிடம், நூலகம் ஓரிடம்

இணையவழிக் கல்வி சிங்கப்பூருக்குப் புதிதன்று. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் 2018இல் பள்ளிகளுக்கு வந்தது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக் கழகம், சிம் பல்கலைக் கழகம் என்று பெயர் பெற்றிருந்த 2006 முதலே, பணியாற்றுவோரும் தமிழில் பட்டம் பெற வழி செய்துவருகிறது. பகலெல்லாம் வேலை பார்த்து இரவில் கணினியைத் திறப்பவர்க்கு வகுப்பறையும் நூலகமும் அத்திரையே.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டர்கள் முயன்று, 1965க்குப் பிந்திய அரை நூற்றாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கி 2015இல் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்தனர். 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் வாரியத்தின் இணையத் தொகுப்பில் உள்ளன.

ஆயின், பாடப் பக்கத்தின் ஓரத்தில் 'நூலகம்' என்றொரு பொத்தானை வைத்துவிட்டால் பாடமும் நூலகமும் இணைந்துவிட்டன என்று கொள்ளலாமா? பொத்தான் மாணவனை வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்; அவ்வளவே. உள்ளே தமிழ் மாணவனுக்கென்றே ஓர் இடர் காத்திருக்கிறது. உலகப் பல்கலைக் கழக நூலகங்கள் பலவும் தமிழ் நூற்பெயர்களை அமெரிக்கக் காங்கிரசு நூலக முறைப்படி உரோமன் எழுத்தில் பதிகின்றன. அம்முறையில் 'சிறுகதை' என்பது 'சி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும். நம் மாணவனோ 'எஸ்' என்று தட்டுவான். ழகரத்துக்கு அங்கே அடிக்கோடிட்ட 'எல்'. இவனுக்கு 'இசட்', 'எச்' இரண்டும் வேண்டும். (தமிழ் என்னும் பெயரே இதில் சிக்கிக்கொள்வதை என்னென்பது!) தமிழ் எழுத்திலும் பதிந்த பட்டியல்கள் உண்டு, எல்லா நூலுக்கும் அது வாய்க்கவில்லை. நூல் அலமாரியில் இருக்கும். மாணவன் 'இல்லை' என்று எண்ணித் திரும்புவான்.

'தேடிக் கற்பதும் கல்விதானே?' என்பர் சிலர். உண்மையே, ஆனால் எழுத்துப்பெயர்ப்பு விதியோடு மல்லாடுவது இலக்கியத் தேடல் ஆகாது.

பருவம் தொடங்குமுன் ஆசிரியரும் நூலகரும் ஒருங்கே அமர்ந்து, எந்த வாரத்துக்கு எந்தக் கதை என்று முடிவு செய்து, அந்த நூலின் அந்தப் பக்கத்துக்கே அழியா இணைப்பைப் பாடத்துள் பதித்தல் வேண்டும். மறுமுறை கடவுச்சொல் கேளாதவாறு அமைத்தல் வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் விடை தரும் நூலகர் ஒருவரை அணுகும் வழியும் அப்பக்கத்திலேயே இருத்தல் நலம். ஒரு பருவத்துக்குப் பத்து இணைப்புகள் போதும். அவற்றை வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.