கேள்விக்குள் ஒரு கேள்வி

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் காலையில் பாயா தெருபோங் சாலை பிடித்துத் தெற்கே போகிற வண்டிகளில் பல, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் போய் நிற்கும். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் அமைந்து, இன்டெல் முதலான நிறுவனங்கள் வந்திறங்கின. அன்று தொடங்கிய சிப் தயாரிப்பு இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒன்றாகத் தயாராகும் சிப் தொகுதியும், சோதனைக்குப் போகும். சோதனையில் வரும் எண்ணெல்லாம் தரவுத்தளத்தில் ஏறும். அந்தத் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டே பிழைப்பவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

அந்தக் கேள்விக்குக் குவெரி என்று பெயர். குவெரி எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குவெரிக்குள் இன்னொரு குவெரியை வைத்து, அதன் விடையைக் கொண்டு வெளியே வடிகட்டும்போது அந்த நினைப்பு மாறிவிடும். அப்படி வடிகட்டியது பிழையாகிப்போய், அதைத் தேர்ந்த கை ஒன்று சரிசெய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரு கலை என்பதில் ஐயம் வராது. எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது அதில் பாதிதான். உண்மையில் எதைக் கேட்க நினைத்தோம் என்று கண்டுபிடிப்பதே மீதி. சுவை இருப்பதும் அதில்தான்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவையெல்லாம் அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் பார்க்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்மேல் 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ஒரு வினவு மொழியைக் கட்டினார்கள். இன்றைய எஸ்கியூஎல் அதிலிருந்து வளர்ந்ததுதான். கேள்விக்குள் கேள்வியை வைப்பது அந்த மொழியின் பிறவிக் குணம். அப்படி உள்ளே வைக்கும் சப்குவெரி பிற்பாடு ஒட்டவைத்த அலங்காரம் கிடையாது.

எங்கள் ஊரின் கெக் லோக் சி கோயிலில், 1930இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிப்பகுதி சீன பாணி, நடுப்பகுதி தாய்லாந்து பாணி, முடி பர்மிய பாணி. தூரத்திலிருந்து ஒரே கோபுரமாகத் தெரிந்தாலும் பகுதிக்குப் பகுதி இலக்கணம் வேறு. சப்குவெரியும் அப்படியே. ஒரு நிபந்தனை எந்த அடுக்கில் நிற்கிறதோ, அந்த அடுக்கின் இலக்கணத்துக்கே அது கட்டுப்படும்.

இந்தக் கலையின் அருமையைக் காட்ட, தொழிற்சாலைத் தரவைவிட நமக்கு நெருக்கமான ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். சங்கப் பாடல்கள் 2381. பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் 102 என்பது வழக்கமான கணக்கு. புலவர்களுக்கு ஓர் அட்டவணை, பாடல்களுக்கு ஓர் அட்டவணை. பாடல் அட்டவணையில் புலவர் எண்ணுக்கு ஒரு கட்டம். அந்த 102 பாடல்களுக்கு மட்டும் அந்தக் கட்டம் வெற்றிடம். எஸ்கியூஎல் அதை ‘நல்’ என்கிறது.

இப்போது ஒரு கேள்வி: புறநானூற்றில் பாடாத புலவர்கள் யார் யார்? உள் குவெரி புறநானூற்றுப் புலவர்களின் எண்களைத் திரட்டும். வெளிக் குவெரி ‘நாட் இன்’ என்று சொல்லி, அந்தத் திரட்டில் இல்லாதவர்களைக் கேட்கும். படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஓட்டினால் ஒரு பெயரும் வராது. பிழைச் செய்தியும் கிடையாது. 473 பேரும் புறநானூற்றில் பாடியவர்கள் என்பதுபோல் வெறும் பட்டியல் வந்து நிற்கும்.

தேர்ந்தவர்கள் இந்த இடத்தில் குவெரியைக் கலைத்துப் போட்டு விளையாடமாட்டார்கள். விடையில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். குறுந்தொகையின் 40ஆம் பாடல் ஒன்றே செம்புலப் பெயனீரார் பெயரில் உள்ளது. அவர் ஏன் விடுபட்டார்? அவரை மட்டும் உள்ளே அனுப்பிப் படிப்படியாகப் பின்தொடர்வார்கள். இவர் கபிலரா? இல்லை. ஔவையாரா? இல்லை. கோவூர் கிழாரா? இல்லை. புறநானூற்றில் பெயர் தெரியாத ஒரு பாடல் வருகிறதே, அதைப் பாடியவரா? இங்கே எஸ்கியூஎல் நின்றுவிடுகிறது. ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அதற்கு மூன்றாவதாக ஒரு விடை உண்டு: தெரியாது. வடிகட்டியோ ‘ஆம்’ என்று உறுதியானதை மட்டுமே உள்ளே விடும். ஒரே ஒரு வெற்றிடம் திரட்டில் கலந்திருந்தால் போதும், எந்தப் புலவரைப் பற்றியும் ‘இவர் நிச்சயமாக அதில் இல்லை’ என்று சொல்ல முடியாமல் போகிறது.

இதைப் பலர் எஸ்கியூஎல்லின் கோணல் என்று திட்டுவார்கள். எனக்கோ அதன் நேர்மை பிடித்திருக்கிறது. அந்தப் பெயரற்ற பாடலைச் செம்புலப் பெயனீராரே பாடியிருக்கலாம் அல்லவா? இல்லை என்று சத்தியம் செய்ய நம்மில் யாரால் முடியும்? கேட்ட கேள்விக்கு வந்த விடை சரியானதே. நாம் கேட்க நினைத்ததுதான் வேறு: புறநானூற்றில் தம் பெயரில் ஒரு பாடலும் இல்லாத புலவர் யார்? அதைக் கேட்கும் முறை ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’. ஒவ்வொரு புலவருக்கும் உள்ளே போய், ‘இவர் எண்ணைத் தாங்கிய புறநானூற்றுப் பாடல் ஏதேனும் உண்டா’ என்று அது தேடும். வெற்றிடமுள்ள வரிகள் எவர் எண்ணோடும் பொருந்தாததால் அவை குறுக்கே வருவதில்லை. செம்புலப் பெயனீரார் பட்டியலில் வந்துவிடுகிறார். உள்ளே வெற்றிடங்களை முன்கூட்டியே நீக்கிவிட்டால் ‘நாட் இன்’னும் இதே விடையைத் தரும். இரண்டில் எதை எழுதினாலும், எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று தெரிந்தே எழுதுகிறோம்.

வெற்றிடங்களுக்கெல்லாம் ‘பெயர் தெரியாதவர்’ என்று ஒரு புலவர் எண் கொடுத்து நிரப்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நிரப்பிப் பாருங்கள். 102 பாடல்களோடு அவர் சங்கப் புலவர்களின் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். தொகுத்த நம் முன்னோர் இதைவிட நுட்பமாக நடந்துகொண்டார்கள். பாட்டில் வரும் தொடரையே எடுத்துச் சில புலவர்களுக்குப் பெயராக்கினார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்படி வந்த பெயர்களே. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி அடையாளம் என்பதால் ஒருவர் இன்னொருவரோடு கலப்பதில்லை. மற்ற இடங்களை வெற்றிடமாகவே விட்டார்கள். தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருப்பது தரவைக் காப்பதில் முதல் ஒழுக்கம்.

அடுத்த பிழை இதைவிடப் பொல்லாதது. பாயான் லெப்பாஸ் பக்கம் வருவோம். லாட் அட்டவணையில் ‘லாட் எண்’ என்று ஒரு கட்டம். மறுசோதனை அட்டவணையில் அதே எண்ணுக்குப் பெயர் ‘மறுசோதனை லாட்’. மறுசோதனைக்குப் போன லாட்டுகளைக் கேட்கிறவர், உள் குவெரியிலும் பழக்கத்தில் ‘லாட் எண்’ என்றே எழுதிவிடுகிறார். மறுசோதனை அட்டவணையில் அந்தப் பெயரே கிடையாது. ஆனாலும் குவெரி ஓடும். எல்லா லாட்டும் மறுசோதனைக்குப் போனதாக விடை வரும். உள்ளே இல்லாத பெயரை எஸ்கியூஎல் வெளி அடுக்கில் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு லாட்டும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டுத் தேறிவிடுகிறது. கேட்பதற்குப் பதில் அழிக்கும் கட்டளையில் இது நடந்தால் அட்டவணையே காலி.

இதைக் கண்டுபிடிக்கும் வழியில் ஓர் அழகு இருக்கிறது. உள் குவெரியைத் தனியே எடுத்து ஓட்ட வேண்டும். தனியே ஓடாமல் பிழை காட்டும் ஒன்று, முழுக் குவெரிக்குள் சத்தமில்லாமல் ஓடினால், அது வெளியே கை நீட்டுகிறது என்று பொருள். வேண்டுமென்றே நீட்டியதா, தவறி நீட்டியதா என்பதே அடுத்த கேள்வி. சற்றுமுன் நம்மைக் காப்பாற்றிய ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ வெளியிலிருந்து புலவர் எண்ணை வாங்கியது இதே கதவு வழியாகத்தான். கதவை அடைத்தால் அந்த ஆற்றலும் போய்விடும். ஆகவே நல்ல கைகள் எந்தக் கட்டத்தையும் அதன் அட்டவணைப் பெயரோடு சேர்த்தே எழுதும். அப்படி எழுதியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே பிழை தெரிந்திருக்கும்.

பெரிய மேதைகளும் இந்த அடுக்குகளில் தடுக்கியிருக்கிறார்கள். 1982இல் வோன் கிம், உள் குவெரிகளைப் பிரித்து இணைப்புகளாக மாற்றி வேகமாக ஓட்டும் முறைகளை வெளியிட்டார். துறையையே முன்னெடுத்துச் சென்ற ஆய்வு அது. ஆனால் உள்ளே எண்ணிக்கை எடுக்கும் குவெரிகளில் ஒரு வழு இருந்தது. நம் அட்டவணையில் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு புலவருக்கும் புறநானூற்றுப் பாடல் எண்ணிக்கையைக் கையால் குறித்து வைத்திருக்கிறோம். அது பாடல் அட்டவணையின் கணக்கோடு ஒத்துப்போகிறவர்களைக் கேட்கிறோம். செம்புலப் பெயனீராருக்குக் குறித்தது சுழியம், உள்ளே எண்ணினாலும் சுழியம்; அவர் தேற வேண்டும். கிம் முறையில் முதலில் பாடல்களைப் புலவர்வாரியாகத் தொகுத்து எண்ணிய பிறகு இணைப்பார்கள். பாடலே இல்லாதவருக்குத் தொகுதி ஏது? அவர் மறைந்துபோகிறார். இதற்கு ‘கவுண்ட் பக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1987இல் கான்ஸ்கியும் வோங்கும், இணை கிடைக்காத வரிகளையும் விடாமல் வைத்திருக்கும் வெளி இணைப்பைக் கொண்டு அதைச் சீராக்கினார்கள்.

அந்தத் தீர்விலும் நிபந்தனையின் இடம் முக்கியம். ‘தொகை புறநானூறாக இருக்க வேண்டும்’ என்பதை இணைக்கும்போதே சொன்னால் செம்புலப் பெயனீரார் தங்குவார். இணைத்து முடித்த பின் வெளியே சொன்னால், அவருக்கு எதிரே கிடைத்திருப்பது குறுந்தொகைப் பாடல். வடிகட்டி அவரைத் தள்ளிவிடும். எந்தத் தொகையிலும் பாடல் ஏறாத புலவரென்றால் எதிரே வெற்றிடம்; மறுபடி ‘தெரியாது’, மறுபடி வெளியேற்றம். சொல் ஒன்றும் மாறவில்லை, நின்ற அடுக்கு மாறியது.

நான் வியந்து பார்த்த கைகளெல்லாம் ஒரே ஒழுங்கில் வேலை செய்கிறவை. உள்ளே இருந்து தொடங்கும். ஒவ்வோர் அடுக்கையும் தனியே பேசவைக்கும். அது எத்தனை வரி தருகிறது, அதில் வெற்றிடம் உண்டா என்று பார்க்கும். நிபந்தனைகளை ஒன்றொன்றாகச் சேர்த்து எண்ணிக்கை எங்கே சரிகிறது என்று கவனிக்கும். விடை தெரிந்த ஒரு வரியைக் கடைசிவரை கைவிடாது. அவசரத்தில் எதையாவது மாற்றி, எண் சரியாக வந்ததும் எழுந்துபோகிற கை வேறு ரகம். அது திருத்திய குவெரி அடுத்த மாதம் புது வெற்றிடம் ஒன்று வந்ததும் மீண்டும் சாயும்.

ஆகவே திருத்தப்பட்ட குவெரி ஒன்றை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல் போதும். அதைப் புதிதாகப் படிக்கிறவருக்கு, தெரியாதவற்றை என்ன செய்தோம், எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்பது எழுத்திலிருந்தே விளங்க வேண்டும். விளங்கவில்லை என்றால் மேலே ஒரு வரி குறிப்பாவது இருக்க வேண்டும். விடையோடு கேள்வியையும் சரியாக விட்டுச்செல்கிறவரே இந்தக் கலையில் தேர்ந்தவர்.