லெஸ், ஃபியூவர்: தப்பான வாசலில் ஒரு காவலாளி

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் என்று பெயர் வாங்க ஒரு சுலபமான வழி உண்டு. யாராவது 'லெஸ் பீப்பிள்' என்று சொன்னதும் குறுக்கிட்டு, 'ஃபியூவர் பீப்பிள்' என்று திருத்திவிட வேண்டும். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ். பள்ளி இலக்கணப் புத்தகம், போட்டித் தேர்வு கைடு, யூடியூபில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று எங்கே போனாலும் இந்த விதி நம்மை வரவேற்கும்.

இந்த விதி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. என் புகார் வேறு. குறைவையும் விலக்கையும் சொல்லும்போது ஆங்கிலத்தில் நிஜமாகவே அர்த்தம் கெட்டுப்போகிற இடங்கள் சில இருக்கின்றன. அங்கே யாரும் காவல் நிற்பதில்லை. அர்த்தம் பெரும்பாலும் கெடாத இந்த ஒரு இடத்தில் மட்டும் பெரிய கூட்டமே தடியோடு நிற்கிறது.

முதலில் விதியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'நூறுக்குக் குறையாமல்' என்பதற்கு லெஸ்ஸைவிட ஃபியூவர் அழகாகவும் பொருத்தமாகவும் தனக்குப் படுகிறது என்று அதில் எழுதினார். கவனிக்க வேண்டும், அவர் சொன்னது தன் ரசனையை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

பேக்கருக்குச் சுமார் 900 வருஷம் முன்பே, ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்தில், எண்ணக்கூடிய சொற்களோடு லெஸ் புழங்கியிருக்கிறது. அன்றைய இலக்கணப்படி அது 'சொற்களில் குறைவு' என்கிற மாதிரி வேற்றுமை உருபோடு வரும். காலப்போக்கில் உருபு தேய்ந்துபோய் 'லெஸ் வேர்ட்ஸ்' என்று நின்றுவிட்டது. ஆகவே இது நேற்று முளைத்த கொச்சை அல்ல.

இன்னொரு வேடிக்கை. ஒரு காலத்தில் அதிகத்தைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. எண்ணிக்கைக்கு 'மோ', அளவுக்கு 'மோர்'. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட 'மோ' உயிரோடு இருந்தது. அப்புறம் செத்துவிட்டது. இன்று மோர் பீப்பிள், மோர் வாட்டர் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதனால் யாருக்காவது ஏதாவது புரியாமல் போயிற்றா? தமிழிலும் 'ஆள் கம்மி', 'தண்ணி கம்மி' என்று ஒரே சொல்லை வைத்துத்தான் ஓட்டுகிறோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபியூவர் உண்மையிலேயே கை கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. 'லெஸ் சீரியஸ் ஆக்சிடென்ட்ஸ்' என்றால் விபத்துகளின் எண்ணிக்கை குறைந்ததா, விபத்துகளின் கடுமை குறைந்ததா? தெரியாது. 'ஃபியூவர் சீரியஸ் ஆக்சிடென்ட்ஸ்' என்றால் எண்ணிக்கைதான் என்று தெளிவாகிவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இன்னொரு அடைமொழி வந்தால் ஃபியூவரைப் போடுங்கள் என்று காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் நானும் கைதட்டுவேன். அப்படிச் சொல்லிக்கொடுப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது.

இனி எண்கள் வருகிற இடம். விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினால் இங்கே அது முட்டிக்கொள்ளும். வாக்குரிமை பற்றிப் பேசும் நம் அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு, வயது 'நாட் லெஸ் தேன்' பதினெட்டு என்கிறது. வருஷத்தை எண்ணலாம்தானே, அப்படியானால் 'நாட் ஃபியூவர் தேன்' என்று மாற்றலாமா? கேட்கவே கோணலாக இருக்கிறது. ஏனென்றால் இங்கே நாம் வருஷங்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. வயது என்ற ஓர் அளவுகோலில் ஒரு கோடு போடுகிறோம். பணம், தூரம், நேரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஃபியூவர் விதியில் கறாராக இருப்பவர்கள்கூட 'நூறு ரூபாய்க்குக் குறைவு' என்பதற்கு லெஸ்தான் போடுகிறார்கள்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அரசியலமைப்பைத் திருத்த, அவையில் இருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத பெரும்பான்மை வேண்டும் என்கிறது 368-ஆவது பிரிவு. அங்கேயும் ஆங்கிலத்தில் 'நாட் லெஸ் தேன்'தான்.

1970 செப்டம்பரில், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கான மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224 வாக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33. கையில் இருந்ததோ 149. மசோதா தோற்றது, ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில்! அரசு அதற்குப் பிறகு குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்துசெய்தது, உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது, கடைசியில் 1971-இல் 26-ஆவது திருத்தம் கொண்டுவந்துதான் காரியம் முடிந்தது.

இந்த 149.33-ஐ யாராலும் எண்ண முடியாது. உறுப்பினர்களை எண்ணலாம், ஆனால் சட்டம் போட்ட கோடு இரண்டு உறுப்பினர்களுக்கு நடுவில் விழுகிறது. அங்கே லெஸ்தான் சரியான சொல்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இது தினசரிப் பாடு. 'பத்துக்குக் குறைவு' என்றால் பத்து சேராது. 'பத்து அல்லது அதற்குக் குறைவு' என்றால் சேரும். நிரலில் ஒரே ஒரு சமக்குறிதான் வித்தியாசம். பிரிட்டனில் டெஸ்கோ கடைகளின் விரைவு கவுன்ட்டர்களில் 'பத்துப் பொருள் அல்லது அதற்குக் குறைவு' என்று லெஸ் போட்டு எழுதியிருந்தார்கள். இலக்கணக்காரர்கள் பல வருஷம் அதை வறுத்தெடுத்தார்கள். 2008-இல் அந்த நிறுவனம் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. விதி ஜெயித்த மாதிரி தெரியலாம். ஆனால் பழைய பலகையில் பத்து சேரும் என்பது எழுத்திலேயே இருந்தது. புதிய பலகையில் அதை வாசிப்பவர் ஊகிக்க வேண்டும்.

தமிழிலும் இதே குழி இருக்கிறது. '18 வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்று செய்தியில் எழுதுகிறோமே, சரியாகப் பதினெட்டு முடிந்தவர் உள்ளேயா வெளியேயா? '18 வயது நிறைந்தவர்கள்' என்றால் சந்தேகமே இல்லை.

அடுத்து, 'ஃபியூ'வும் 'எ ஃபியூ'வும். ஓர் 'எ' தான் வித்தியாசம், ஆனால் வாக்கியத்தின் முகமே மாறிவிடும். 'எ ஃபியூ' என்றால் சிலர் வந்தார்கள், பரவாயில்லை. 'ஃபியூ' என்றால் சிலர்தான் வந்தார்கள், ஏமாற்றம். நாம் 'தான்' அல்லது 'ஏ' சேர்த்துச் சொல்வதை ஆங்கிலம் ஓர் 'எ'யை எடுத்துவிட்டுச் சொல்கிறது. 'கொஞ்சம் நம்பிக்கை இருக்கு', 'கொஞ்சம்தான் நம்பிக்கை இருக்கு' இரண்டுக்கும் உள்ள தூரம்தான் 'எ லிட்டில் ஹோப்', 'லிட்டில் ஹோப்' இரண்டுக்கும். ஒரு மருத்துவர் எழுதும் குறிப்பில் இந்த 'எ' விழுந்துவிட்டால் குடும்பமே இடிந்துபோகும். இதைப் புத்தகங்கள் சொல்லாமல் இல்லை, ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. தமிழின் 'தான்' பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே நிமிஷத்தில் புரியும்.

கடைசியாக, விலக்கு. நம்முடைய 'தவிர' இரட்டை வேஷம் போடுகிற சொல். 'அட்மின்களைத் தவிர எல்லாருக்கும் மெயில் போகும்' என்றால் அட்மின்களுக்குப் போகாது. 'அட்மின்களைத் தவிர மேனேஜர்களுக்கும் மெயில் போகும்' என்றால் அட்மின்களுக்கும் போகும். முதல் வாக்கியத்தில் 'எல்லாருக்கும்', இரண்டாவதில் 'மேனேஜர்களுக்கும்' என்ற 'உம்', இவைதான் நம்மைக் காப்பாற்றுகின்றன.

ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'எக்ஸெப்ட்', இரண்டாவதற்கு 'பிசைட்ஸ்'. 'தவிர' மாதிரியே இரட்டை வேஷம் போடுவது 'அபார்ட் ஃப்ரம்'. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற நமக்கு அதுதான் முதலில் கைக்கு வரும். 'அபார்ட் ஃப்ரம் அட்மின்ஸ், மேனேஜர்ஸ் வில் கெட் த மெயில்' என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை. நம் 'உம்'மைப் போல எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. படிக்கிற இரண்டு பேர் இரண்டு விதமாக நிரல் எழுதுவார்கள், இரண்டு பேரும் சரி.

இங்கே மனதில் வைக்க ஒரு சின்னச் சூத்திரம். எதிர்மறை வாக்கியத்தில் 'எக்ஸெப்ட்', 'பிசைட்ஸ்' இரண்டும் ஒரே அர்த்தம்தான் தரும். 'அவரைத் தவிர யாரும் வரவில்லை' என்பதற்கு எதைப் போட்டாலும் அவர் வந்தார், மற்றவர்கள் வரவில்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் இரண்டும் எதிரெதிர் திசை. ஒன்று வெளியே தள்ளும், மற்றது உள்ளே சேர்க்கும். ஆவணத்தில் உடன்பாட்டு வாக்கியம் எழுதும்போது 'அபார்ட் ஃப்ரம்' பக்கமே போகாமல் இருப்பது நல்லது. 'எக்ஸ்க்ளூடிங்', 'இன் அடிஷன் டு' என்று உடைத்துச் சொல்லிவிடலாம்.

தேர்வு எழுதுகிறவர்கள் ஃபியூவர் விதியைப் படித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் கடைப்பிடித்தால் நஷ்டமில்லை. ஆனால் அடுத்தவரைத் திருத்த வாய் திறக்கும் முன், அவர் சொன்னதை நாம் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருந்ததா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். 'லெஸ் பீப்பிள் கேம்' என்றால் கூட்டம் குறைவு என்று எல்லாருக்கும் புரிகிறது. அதே ஆள் அனுப்புகிற மெயிலில் 'லெஸ் தேன் டென்' என்று இருந்தால் பத்து சேருமா என்று கேளுங்கள். 'அபார்ட் ஃப்ரம்' இருந்தால் உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அநேகமாக, 'அட, அதை யோசிக்கலையே' என்பார்.