எத்தனையில் ஒன்று அரிது?

இத்தாலியில் செய்த நகல் பெர்கஷன் ரிவால்வர்களைச் சேகரிப்பவர்களிடையே 'வேரியேஷன்' மோகம் முற்றிவிட்டது. பேரலில் உள்ள இறக்குமதியாளர் பெயரின் எழுத்துரு மாறியிருந்தால் போதும், விற்பனைக் குறிப்பில் 'மிக அரிது' ஏறிவிடும். கேட்டால், இதுவும் வரலாறுதானே என்கிறார்கள்.

நகல்களை வகை பிரித்துப் பட்டியலிடும் இந்த வேலையின் பலத்தை மறுப்பதற்கில்லை. கார்டோனே வால் ட்ரோம்பியா ஊரின் துப்பாக்கிச் சோதனைச்சாலை, முத்திரையோடு ஆண்டுக்குறியையும் பொறிக்கிறது. சிறு கட்டத்துக்குள் ரோமன் எண்ணில் இருபது என்றால் 1964; 'ஏஏ' என்றால் 1975; 'ஏபி' என்றால் 1976. 1950களின் கடைசியில் அமெரிக்கரான வால் ஃபோர்ஜெட் அங்கே கோல்ட் 1851 நேவியின் நகலைச் செய்யவைத்தார். அன்றுமுதல் உபெர்ட்டி, கிரெகொரெல்லி போன்ற பட்டறைகளின் சரக்கைக் காலவாரியாக அடுக்க இந்தக் குறியைப் போல் உதவுவது வேறில்லை.

ஆனால் குறி சொல்வது ஆண்டை; எத்தனை செய்தார்கள் என்பதை அல்ல. 1847 வாக்கர் கோல்ட் அரிது என்றால் அதற்குக் கணக்கு உண்டு: ராணுவத்துக்கு ஆயிரம், அதற்குமேல் ஏறக்குறைய நூறு. நகல்களின் பட்டியல்களிலோ, தொகுத்தவர் கண்ணில் பட்டவைதான் உற்பத்திக் கணக்காகிவிடுகின்றன. மலிவான பித்தளை ஃபிரேம் துப்பாக்கியில் மருந்தை அதிகம் திணித்துச் சுட்டால் ஃபிரேம் தளர்ந்துவிடும். பிறகு அது பரண்மேல் கிடக்கும், இல்லை குப்பைக்குப் போகும். அதை யார் பட்டியலில் ஏற்றினார்கள்? கண்ணில் படாதது செய்யப்படாதது ஆகிவிடுமா?

பார்த்ததையாவது நம்பலாம் என்றால் அதுவும் இல்லை. கோல்ட் அமைப்பில் பேரலைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே செருகிய ஓர் ஆப்பு மட்டுமே. அதைத் தட்டி எடுத்தால் பேரல் கையோடு வந்துவிடும். அதே பட்டறையின் இன்னொரு ஃபிரேமில், சில சமயம் கொஞ்சம் அரம் போட்டால், உட்கார்ந்தும்விடும். ஆண்டுக்குறி, அது பொறிக்கப்பட்ட பாகத்துக்கு மட்டுமே சாட்சி. கடைக்காரர் மேசையில் ஒரு மாலைப்பொழுதில் பிறந்த 'இடைக்கால வகை'கள் எத்தனையோ! (சேகரிப்பாளர்கள் ஆப்பைத் தட்டிப் பார்க்கத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிகிறது.)

இதன் உச்சம் பித்தளை ஃபிரேம் போட்ட .44 நேவி. அசல் கோல்ட் நேவி .36தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் நிறுவனம் பித்தளை ஃபிரேமில் செய்ததும் .36தான். பெரிய துளையைக் கேட்ட அமெரிக்கச் சந்தைக்காக இத்தாலியப் பட்டறைகள் .44 போட்டுக் கொடுத்தன, ஏராளமாக. அதன் பேரலில் அதிகம் அறியப்படாத ஒரு கடையின் பெயர் இருப்பதைக் காட்டி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். அந்தக் கடை வாங்கியது பத்தா, பத்தாயிரமா என்று கேட்டால், பதிலுக்கு முத்திரையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.