இடம் விட்டு வாசித்த நால்வர்

சோல் இசையின் கதையைக் குரல்களின் கதையாகவே நாம் கேட்டு வந்திருக்கிறோம். ஓட்டிஸ் ரெட்டிங், வில்சன் பிக்கெட், கார்லா தாமஸ், சாம் அண்ட் டேவ், எடி ஃபிளாய்ட், ஆல்பர்ட் கிங் என்று பெயர்களை அடுக்கினாலே 1960களின் அமெரிக்கத் தென்மாநில இசையில் பெரும்பகுதி கண்முன் வந்துவிடும். ஆனால் இவர்களின் இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறவருக்குக் கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் பிடிபடும். குரல் மாறிக்கொண்டே இருக்கிறது, பின்னால் வாசிக்கும் கைகள் அநேகமாக மாறுவதில்லை. டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில், ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஆஸ்தான வாத்தியக் குழுவாக இருந்த 'புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்' நால்வரின் கைகள் அவை.

பக்கவாத்தியக்காரர்களைப் பற்றி எழுதும்போது 'பாடகருக்கு ஈடுகொடுத்தார்கள்' என்று பாராட்டி நிறுத்திக்கொள்வது வழக்கம். எம்.ஜி.ஸ் குழுவுக்கு அந்தப் பாராட்டு போதாது. எங்கே வாசிக்க வேண்டும் என்பதைவிட எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். இரண்டு கறுப்பர்களும் இரண்டு வெள்ளையர்களும் ஒருவருக்கொருவர் காது கொடுத்துச் சேர்ந்து உழைத்த ஓர் அறையில் வளர்ந்த பழக்கம் அது. அந்த அறை எப்படி உருவானது, எப்படிக் கலைந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களுடைய இசை முழுதாக விளங்கும் என்பது என் துணிபு.

சரிந்த தரை

ஜிம் ஸ்டூவர்ட் வங்கியில் வேலை பார்த்தவர். நாட்டுப்புறப் பாணியில் ஃபிடில் வாசிப்பார். 1957இல் 'சாட்டிலைட்' என்ற பெயரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லாதபோது அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்தார். 1960இல் மெக்லிமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிடல் என்ற பழைய சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். 1961இல் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் ஆகிய இரு பெயர்களின் முதலிரண்டு எழுத்துகளைச் சேர்த்து நிறுவனத்துக்கு 'ஸ்டாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள்.

நாற்காலிகளைப் பெயர்த்து எடுத்தாலும் திரையை நோக்கிச் சரியும் கொட்டகைத் தரையைச் சமப்படுத்தவில்லை. கையில் இருந்த காசு அதற்கு வரவில்லை. திரை இருந்த மேடை, ஒலிப்பதிவாளரின் கட்டுப்பாட்டு அறையானது. சரிந்த தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்தப் பெரிய கூடத்தின் முழக்கம்தான் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளை முதல் நொடியிலேயே காட்டிக்கொடுக்கும்.

இடைவேளையில் பாப்கார்ன் விற்ற முகப்புப் பகுதியில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள், எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று அங்கே நின்று கவனித்தார். அந்தக் கடையில் வேலைக்கு இருந்த வெள்ளை இளைஞர் ஸ்டீவ் கிராப்பர், கிட்டார் வாசிப்பவர். அருகிலிருந்த பள்ளியில் படித்த கறுப்பின மாணவர் புக்கர் டி. ஜோன்ஸ். 1960இல், தம் பதினைந்தாம் வயதில், ரூஃபஸ் தாமஸும் அவர் மகள் கார்லாவும் பாடிய பாட்டுக்குப் பாரிடோன் சாக்ஸபோன் வாசிக்க வகுப்பிலிருந்து அழைத்துவரப்பட்டு இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவர். டிரம்ஸ் வாசித்த ஆல் ஜாக்சன் ஜூனியர், மெம்பிஸில் சொந்தமாக இசைக்குழு நடத்தியவரின் மகன். சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். முதல் பேஸ் கலைஞர் லூயி ஸ்டைன்பெர்க்கும் இசைக் குடும்பத்துப் பிள்ளையே. சில ஆண்டுகளில் அவர் இடத்துக்குக் கிராப்பரின் பள்ளிக்கால நண்பர் டொனால்ட் 'டக்' டன் வந்தார்.

ஒரு காத்திருப்பு

1962 கோடையில் ஒருநாள் பில்லி லீ ரைலி என்ற பாடகருக்கான ஒலிப்பதிவு நடந்தேறவில்லை. கூடத்துக்கு வந்துவிட்ட நால்வரும் சும்மா இருக்க மனமின்றி ஒரு மெதுவான ப்ளூஸை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது காதில் விழுந்த ஸ்டூவர்ட் உடனே பதிவு செய்தார். இசைத்தட்டென்றால் மறுபக்கத்துக்கும் ஒன்று வேண்டுமே. ஆர்கனில் தாம் முன்பே உருட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை ஜோன்ஸ் எடுத்தார். பதினேழு வயதுப் பையனின் அந்தத் துண்டுதான் 'கிரீன் ஆனியன்ஸ்'.

அதை ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்ற பழகிய சட்டகம்தான். முதலில் ஹாமண்ட் ஆர்கன் மூன்று அடி எடுத்து நின்று, திரும்பிப் பார்த்து நடப்பதுபோல ஒரு சுழலைத் தொடங்குகிறது. அடியில் பேஸ் அதே நடையை நிழல்போலத் தொடர்கிறது. ஜாக்சனின் சிம்பல் சீராக ஓடுகிறது. கிராப்பரின் கிட்டார் ஆரம்பத்தில் வாயே திறப்பதில்லை. பிறகு கத்தியால் கீறினாற்போல ஒரே ஒரு வெட்டு, உடனே மௌனம். தன் முறை வரும்போதும் அவர் வேகம் காட்டி வாசிப்பதில்லை. சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஆர்கனுக்கு வழிவிடுகிறார். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் நால்வரில் எவரும் அடுத்தவர்மேல் இடித்துக்கொள்வதில்லை.

மறுபக்கத்துக்காக எடுத்த அந்தத் துண்டைத்தான் மெம்பிஸ் வானொலி நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பில்போர்ட் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அது முதலிடத்துக்கும், பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கும் ஏறியது. குழுவுக்கு அவசரமாக ஒரு பெயர் தேவைப்பட்டது. எம்.ஜி. என்பது 'மெம்பிஸ் குரூப்' என்பதன் சுருக்கம் என்றார்கள், எம்.ஜி. காரின் பெயர்தான் அது என்றும் சொல்வதுண்டு.

பாட்டு வெற்றி பெற்ற கையோடு ஜோன்ஸ் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு இசை படிக்கப் போனார். வார இறுதிகளில் மெம்பிஸ் வந்து வாசித்துவிட்டுத் திரும்புவார். 1966இல் பட்டம் பெற்றார். அவர் இல்லாத நாள்களில் பியானோ, ஆர்கன் முன் உட்கார்ந்தவர்களில் ஐசக் ஹேய்ஸும் ஒருவர்.

தாமதித்து விழும் அடி

ஸ்டாக்ஸின் முதல் ஆண்டுகளில் எல்லாமே ஒரே தடத்தில் பதிவாயின. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலையில் ஹெட்ஃபோன் கிடையாது. எனவே காதோடு கண்ணும் வேலை செய்தது. ஸ்நேர் டிரம் மீது ஜாக்சனின் இடக்கை இறங்குவதைப் பார்த்தே கிராப்பர் தம் கிட்டார் வெட்டை விடுவார். இருவர் அடியும் ஒரே ஒலியாகக் கேட்பதன் ரகசியம் இதுதான். டிரம் தோலின் அதிர்வைக் குறைக்க ஜாக்சன் தம் பர்ஸை அதன்மேல் வைத்துவிட்டு வாசிப்பாராம்.

1965இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர், பாடகர் வில்சன் பிக்கெட்டை மெம்பிஸுக்கு அழைத்துவந்தார். லொரேன் மோட்டல் அறையில் உட்கார்ந்து பிக்கெட்டும் கிராப்பரும் எழுதிய பாட்டு 'இன் தி மிட்நைட் அவர்'. பதிவின் நடுவே வெக்ஸ்லர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்து, இளைஞர்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்த 'ஜெர்க்' என்ற ஆட்டத்தை ஆடிக் காட்டினார். நான்கு எண்ணிக்கையில் இரண்டும் நான்கும்தான் அழுத்தம் பெற வேண்டியவை. அந்த அழுத்தம் மயிரிழை பிந்தி விழ வேண்டும் என்றார். ஜாக்சனும் கிராப்பரும் உடனே பிடித்துக்கொண்டார்கள். விழ வேண்டிய இடத்தில் அடி விழாமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு விழுகிறது. கேட்பவர் உடம்பு அந்தக் கணத்தில் தானாக முன்னால் சாய்கிறது. மெம்பிஸ் சோலின் கையெழுத்தாக நிலைத்தது இந்தத் தாமதம்தான்.

ஓட்டிஸ் ரெட்டிங் 1962இல் வேறொரு கிட்டார் கலைஞருக்குக் காரோட்டிக்கொண்டு வந்தவர். அந்தப் பதிவு சரிவராமல் நேரம் மிஞ்சியபோது பாட வாய்ப்புக் கேட்டு 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாடினார். கெஞ்சலும் கதறலும் கலந்த குரல் அவருடையது. அந்தக் குரலுக்குப் பின்னால் வாத்தியங்களும் கதறியிருந்தால் காது வலித்திருக்கும். எம்.ஜி.ஸ் தரையைப் போல அடியில் கிடந்தார்கள். ரெட்டிங் அதன்மேல் நின்று எவ்வளவு உயரமும் எட்ட முடிந்தது.

மற்ற நகரங்கள்

பாடகர்களின் நிழலில் நின்ற குழுக்கள் வேறு நகரங்களிலும் இருந்தன. டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் பலரும் ஜாஸ் விடுதிகளில் தேறியவர்கள். அவர்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலால் வாசித்த பேஸ், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடும். அவர்கள் பெயர்கள் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அந்த நிலை மாறியது. மெம்பிஸ் நால்வருக்குச் சொந்தப் பெயரில் இசைத்தட்டுகள் வந்ததை இதோடு ஒப்பிட்டால், ஸ்டாக்ஸில் வாத்தியக்காரருக்கு இருந்த மதிப்பு தெரியும்.

1967இல் ஜேம்ஸ் பிரவுன் குழு 'கோல்ட் ஸ்வெட்' வாசித்தபோது தாளத்தின் எடை இடம் மாறியது. இரண்டிலும் நான்கிலும் சாய்ந்திருந்த அழுத்தத்தைப் பிரவுன் முதல் எண்ணிக்கைக்கு இழுத்துவந்தார். ஸ்வரக்கட்டு அதிகம் மாறாமல் நிற்க, கிட்டாரும் ஊதுகருவிகளும்கூட டிரம்ஸ் ஆகிவிட்டன. ஃபங்க் என்று தனியே பெயர் பெற்ற இசையின் வாசல் இது. அந்தக் குழுவின் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த சில நொடிகள், பின்னாளில் எண்ணற்ற ஹிப்-ஹாப் பாடல்களுக்கு அடித்தளமாயின. பாட்டின் உரிமை அவர் பெயரில் இல்லாததால் அந்த நொடிகளுக்குரிய பணம் அவருக்கு வந்து சேரவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் ஆலன் டூசாண்டின் பதிவுகளுக்கு வாசித்த தி மீட்டர்ஸ், எம்.ஜி.ஸ் போலவே ஆர்கன், கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற நால்வர் அமைப்பு. அவர்களின் 'சிஸி ஸ்ட்ரட்' 1969இல் வந்தது. மெம்பிஸில் கற்ற சிக்கனத்தை அந்த நகரத்துத் தெரு ஊர்வலங்களின் புரளும் டிரம்ஸ் தாளத்தோடு பிணைத்த இசை அது. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன், கறுப்பர் வெள்ளையர், ஆண் பெண் என்ற பேதமின்றி ஒரு குழுவை மேடையேற்றியது. மெம்பிஸ் கூடத்துக்குள் சத்தமில்லாமல் நடந்ததை அவர்கள் உரத்துச் சொன்னார்கள்.

லொரேன் மோட்டல்

நிறவெறிச் சட்டங்களில் ஊறிய நகரம் மெம்பிஸ். ஸ்டாக்ஸ் கூடத்தில் சேர்ந்து வாசித்தவர்கள் வெளியே ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பல இடங்களில் முடியாத காரியம். கறுப்பினத் தம்பதியர் நடத்திய லொரேன் மோட்டல் அதற்கு விலக்கு. வெளியூர்ப் பாடகர்கள் அங்கே தங்கினார்கள். எடி ஃபிளாய்டும் கிராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதியதும் அங்கேதான்.

1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓட்டிஸ் ரெட்டிங் இறந்தார். அவருடன் சென்ற பார்-கேஸ் குழுவின் நான்கு இளைஞர்களும் மாண்டார்கள். எம்.ஜி.ஸ் நால்வரின் வழிகாட்டலில், அதே கூடத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மூன்று நாளுக்கு முன்தான் ரெட்டிங் 'டாக் ஆஃப் தி பே' பதிவை முடித்திருந்தார். துக்கம் ஆறும் முன்பே கிராப்பர் அதை ஒலிக்கலவை செய்ய வேண்டியிருந்தது. அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்தார். 1968 மார்ச்சில் அது முதலிடம் பெற்றது.

அடுத்த மாதம், ஏப்ரல் 4 அன்று, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்பிஸ் வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அவர் சுடப்பட்டு விழுந்த இடம் லொரேன் மோட்டலின் மாடி நடை. பாட்டுகள் பிறந்த இடத்தில் இரத்தம் சிந்தியபின் மெக்லிமோர் அவென்யூவில் பழைய இயல்பு திரும்பவில்லை. வெளியே எரிந்த கோபம் உள்ளேயும் வந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. ஒரு கூடத்துக்குள் நால்வர் கண்ட சமத்துவம், அந்தக் கூடத்தின் கதவைத் தாண்டி ஊருக்குள் போகவே இல்லை.

அதே ஆண்டு இன்னோர் அடி விழுந்தது. அட்லாண்டிக் கைமாறியபோது, ஸ்டாக்ஸ் அதனோடு 1965இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஸ்டாக்ஸின் பழைய மூல ஒலிநாடாக்கள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்பது தெரியவந்தது. கையெழுத்திட்ட ஸ்டூவர்ட் அந்த வரியைக் கவனித்திருக்கவில்லை. இழந்ததை ஈடுகட்ட, புதிய பொறுப்பாளர் ஆல் பெல் 1969இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். ஆற அமர வாசித்துப் பழகிய கைகளுக்கு அது ஆலை வேலையானது.

பிரிவும் மிச்சமும்

இந்த நெருக்கடிக்குள்ளும் குழு நல்ல இசை தந்தது. 1968இல் வந்த 'சோல் லிம்போ' பிபிசி கிரிக்கெட் ஒளிபரப்பின் முகப்பிசையாகி, நம்மவர் பலரின் காதுகளிலும், யாருடையது என்று தெரியாமலே, குடியேறியது. 1970இல் பீட்டில்ஸின் 'அபே ரோடு' பாடல்களை வாத்திய வடிவில் வாசித்து 'மெக்லிமோர் அவென்யூ' என்ற ஆல்பம் வெளியிட்டார்கள். அதன் உறையில் நால்வரும் தங்கள் தெருவை வரிசையாகக் கடக்கிறார்கள். 1971இல் வந்த 'மெல்ட்டிங் பாட்' நீண்டு சுழலும் ஃபங்க். பழைய சிக்கனம் கலையாமலே காலத்தோடு நடந்த இசை.

ஆனால் குழு மெல்லக் கலைந்தது. ஜோன்ஸ் கலிஃபோர்னியா போய் பில் விதர்ஸின் 'ஏய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைத் தயாரித்தார். கிராப்பர் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் நடத்தப் போனார். ஜாக்சன் ஆல் கிரீனோடு சேர்ந்து 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டின் ஆக்கத்தில் பங்கேற்றார். 1975இல் நால்வரும் மீண்டும் கூட முடிவெடுத்த சில நாள்களில், அக்டோபர் 1 அன்று, ஜாக்சன் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் ஸ்டாக்ஸும் திவாலாகி மூடப்பட்டது. மிஞ்சிய மூவரும் பிறகு வேறு டிரம்ஸ் கலைஞர்களோடு பலமுறை வாசித்தார்கள், 1992இல் குழு ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கில் இடம் பெற்றது. பிந்தி விழும் அந்த அடியை மட்டும் யாராலும் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

கேபிடல் கொட்டகை 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே மனையில் பழைய முகப்போடு ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் எழுந்தது. பக்கத்தில் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கான இசைப்பள்ளி நடக்கிறது. உள்ளே ஒலிப்பதிவுக்கூடத்தை மறுபடி கட்டியபோது, அன்று காசில்லாமல் அப்படியே விட்டுவைத்த தரைச் சரிவையும் அளந்து பார்த்துக் கட்டினார்கள்.