எவருடைய பொதுவெளி?

திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றைத் தொடங்குபவர்களுக்கு கார்ல் ஃபோகல் எழுதிய ‘புரொடியூசிங் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ (2005) ஏறக்குறைய பாடநூல். சப்வெர்ஷன் திட்டத்தில் வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதுவதால், நிரலாளர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு நிறையவே பக்கங்கள் ஒதுக்குகிறார். அவருடைய அடிப்படை விதி, தனிப்பேச்சைத் தவிருங்கள் என்பது. எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் விவாதம் பொதுவில் நடக்கட்டும். புதிதாக வருபவர் பார்த்துக் கற்றுக்கொள்வார்; பழையதைத் தேடி எடுக்கலாம்; தன் முதுகுக்குப் பின்னால் முடிவெடுத்துவிட்டார்கள் என்ற கசப்பும் எவருக்கும் வராது.

நல்ல விதிதான். பெண்ணியவாதிகளுக்குப் புதிதும் அல்ல. தலைமையே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களிலும் தலைமை உண்டு, நட்பு வட்டங்களின் வழியே அது இயங்குகிறது என்று 1970இலேயே ஜோ ஃப்ரீமன் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னார். ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். வட்டத்துக்கு வெளியே இருப்பவளுக்கு முடிவு மட்டும் தெரியவரும். அது எப்படி எடுக்கப்பட்டது என்பது தெரியாது. இரவு பதினொரு மணிக்கு அரட்டை அறையில் நான்கு பேர் முடித்துவிட்ட விஷயத்தை, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தானும் தூங்கிப்போனவள் காலையில் வந்து படிக்கிறாள். அவளுடைய நிலை இதுதான்.

அதனால், மின்னஞ்சல் குழுமம் பழசாகிவிட்டது, அரட்டைச் செயலிக்கு மாறினால் பெண்கள் வருவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வருகிறது. மின்னஞ்சல் காத்திருக்கும். அரட்டை காத்திருக்காது; அது கேட்பது நம் கைவசம் இல்லாத ஒன்றை, தொடர்ச்சியான நேரத்தை. ஸ்லாக்கின் இலவசத் திட்டம் 2022 முதல் கடைசி 90 நாள் உரையாடலை மட்டுமே காட்டுகிறது. அந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்பதும் மறைந்துவிடும், அவளை மட்டம்தட்டியது யார் என்பதும் மறைந்துவிடும். வாட்ஸப் குழு என்றால் பொதுவாக, சேர்ந்த நிமிடமே கைபேசி எண் அத்தனை பேர் கையிலும் இருக்கும். அதன் பொருளை நம்மூர்ப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதுவரை ஃபோகல் பக்கம்தான் நிற்கிறேன். அவருடைய விதி இடறுவது ‘பொது’ என்ற சொல்லில்.

லினக்ஸ் கெர்னலின் மின்னஞ்சல் குழுமத்தைவிடப் பொதுவான இடம் இந்த உலகில் அரிது. எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம், எல்லாம் ஆவணமாகிறது. அங்கே யுஎஸ்பி 3.0 இயக்கியைப் பராமரித்துவந்த சேஜ் ஷார்ப், 2013 ஜூலையில் லினஸ் டோர்வால்ட்ஸிடம் வசைபாடுவதை நிறுத்தும்படி அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார். (ஷார்ப் இன்று தன்னை ஆண் பெண் என்ற இருமைக்கு வெளியே வைப்பவர். நமக்கு ‘அவர்’ என்ற சொல் இருக்கிறது, ஆங்கிலம்தான் திண்டாடுகிறது.) வரவழைத்துக்கொண்ட மரியாதை தனக்கு வராது, அது மறைமுகக் குத்தல்களில்தான் போய் முடியும் என்பது டோர்வால்ட்ஸின் வாதம். 2015 அக்டோபரில், கெர்னல் வேலையை விட்டுவிட்டதாக ஷார்ப் அறிவித்தார். ஃபோகலின் விதி அங்கே எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது. வெளியேறியவர் வெளியேறியவர்தான்.

ஃபோகலுக்கு இது தெரியாதது அல்ல. முரட்டுத்தனத்தை முளையிலேயே கிள்ளுங்கள் என்று அவரே எழுதுகிறார். ஆனால் அதைத் திட்டத்தின் பழக்கவழக்கம் சார்ந்த விஷயமாகவே பார்க்கிறார். முரட்டுத்தனமாகப் பேசுபவர் திட்டத்தின் தலைவராகவே இருந்தால் கிள்ளப்போவது யார்? அதிகாரம் பற்றிய இந்தக் கேள்வி அவருடைய அறிவுரைக்குள் வருவதில்லை.

பொதுவெளி எல்லோருக்கும் ஒரே வெளியாகவும் இருப்பதில்லை. 2006இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐஆர்சி அரட்டை அறைகளில் வெவ்வேறு பெயர்களை நுழைத்துப் பார்த்தார்கள். பெண் பெயர்களுக்கு வந்த மிரட்டலும் ஆபாசமுமான தனிச்செய்திகள் மற்ற பெயர்களுக்கு வந்ததைப் போல் 25 மடங்கு. அறை ஒன்றுதான், கதவும் ஒன்றுதான். அதே ஆண்டு வெளிவந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வில், தனியுரிமை மென்பொருள் துறையில் பெண்கள் ஏறத்தாழ 28 சதவீதம். திறமூல உலகில் 1.5 சதவீதம். எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் உலகம் இது.

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு, சிலகாலம் விலகியிருந்தார். கோரலைன் அடா எம்கி எழுதிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’டை அடிப்படையாகக் கொண்ட நடத்தை விதிகளைக் கெர்னல் ஏற்றுக்கொண்டது. கருவி மட்டும் மாறவில்லை. கெர்னலுக்கான திருத்தங்கள் அப்போதும் மின்னஞ்சலில்தான் போயின, இன்றும் அப்படித்தான் போகின்றன. மாறியது, எது பொறுத்துக்கொள்ளப்படாது என்பது எழுத்தில் வந்தது. இது போதுமா என்பது வேறு விவாதம். ஆனால் எந்தச் செயலி என்று மாதக்கணக்கில் அடித்துக்கொள்ளும் திட்டங்கள், புகார் எவரிடம் போகும் என்று ஒரு மணிநேரமாவது பேசுகின்றனவா?

தனிப்பேச்சைத் தவிர் என்ற விதியில் இன்னொரு பிசகும் இருக்கிறது. யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் எப்போதுமே தாழ்வாரத்தில்தான் சொல்லிக்கொள்கிறார்கள், கூடத்தில் அல்ல. கூடம் பாதுகாப்பாக இல்லாதவரை தாழ்வாரத்தை மூடச் சொல்வது, தனியாக அகப்பட்டுக்கொள் என்று சொல்வதுதான். 2004இல் தொடங்கிய டெபியன் விமன் தனக்கென்று குழுமமும் அரட்டை அறையும் வைத்துக்கொண்டது. தனித்தீவு என்று இதைக் குறைசொல்பவர்கள், பெருங்கூடத்தில் ஏற்கெனவே இருந்த தீவுகளை எண்ணுவதில்லை. அவை ஆண்களுடையவை என்பதால் அவற்றுக்குத் தீவு என்று பெயர் இல்லை.

கெர்னலுக்குள்ளேயே ஒரு நடுவழியும் இருந்தது. அவுட்ரீச்சி திட்டத்தின் மூலம் வந்தவர்கள் தங்கள் முதல் திருத்தங்களை அதற்கென்றே வைத்திருந்த சிறிய மின்னஞ்சல் குழுமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவற்றைப் படித்துத் திருத்திச் சொல்ல வழிகாட்டிகள் காத்திருந்தார்கள். அதுவும் வெளியார் படிக்கக்கூடிய, ஆவணமாகிற இடம்தான். ஃபோகலின் விதியும் உடையவில்லை. முதல் பிழையை உலகத்தின் முன்னால் செய்ய வேண்டிய கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இல்லை. அந்தக் குழுமத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருத்தத்தையும் வரிவரியாகப் படித்துப் பதில் எழுதிய வழிகாட்டிகளின் நேரத்தை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது.