முகவர்களுக்கான தரவுத்தள வினவல் கருவி: ஓர் ஆவணத் திறனாய்வு

தரவுத்தள வினவல் கருவி என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று தரவுத்தளத்திற்குக் கேள்வி அனுப்பி விடை பெற உதவும் இடைநிலை நிரலாகும். அக்கருவி எதற்குப் பயன்படும், எப்படிப் பயன்படும், அதன் எல்லை எது என்று முகவருக்குச் சொல்லும் விளக்கமே அதன் ஆவணம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்கென மாதிரியாக வெளியிடப்பட்ட கருவி ஒன்றின் ஆவணம் இக்கட்டுரையில் மதிப்பிடப்படுகிறது.

பின்னணி

எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். அதையொட்டி ஐபிஎம் நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் முன்வைத்த மொழியே பின்னர் எஸ்கியூஎல் எனப் பெயர் பெற்றது. அம்மொழிக்கான கையேடுகள் நெடுங்காலம் மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. கையேட்டில் விடுபட்டதை, பணியிடத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள மனிதரால் முடியும். முகவரோ பெரும்பாலும் தன்னிடம் தரப்பட்ட குறிப்பை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இதன்படி ஒரு வழங்கி தன் கருவிகளின் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் ஆகியவற்றை அறிவிக்கிறது. மொழி மாதிரி இவற்றைப் படித்தே எந்தக் கருவியை அழைப்பது என்று முடிவு செய்கிறது. நெறிமுறையுடன் வந்த மாதிரி வழங்கிகளுள் போஸ்ட்கிரெஸ் வழங்கியும் ஒன்று.

ஆவணத்தின் அமைப்பு

அவ்வழங்கி தந்த கருவி ஒன்றே. அதன் பெயர் ‘வினவல்’ என்னும் பொருளுடைய ஒற்றைச் சொல். படிக்க மட்டுமான எஸ்கியூஎல் வினவலை இயக்கும் என்பதே அதன் முழு விளக்கம். உள்ளீடு ஒரே ஓர் எழுத்துச்சரம். அட்டவணைகளின் நெடுவரிசைப் பெயர்களும் தரவு வகைகளும் ‘வளங்கள்’ என்ற தனிப்பிரிவில் கிடைத்தன.

சிறப்பு

சுருக்கமே இதன் சிறப்பு. கருவி விளக்கங்கள் மாதிரியின் சூழல் இடத்தை எடுத்துக்கொள்வதால், வேண்டாத சொல் ஒவ்வொன்றும் சுமையே. பெயரும் விளக்கமும் குழப்பமின்றி அமைந்திருந்தன.

குறைகள்

முதற்குறை, பொருள் விளக்கம் இல்லாமை. நெடுவரிசையின் பெயரும் வகையும் தெரிந்தால் அதன் பொருள் தெரிந்துவிடாது. 40 மாணவர் கொண்ட வகுப்பில் 36 பேர் தேர்வெழுதிச் சராசரி 50 பெற்றதாகக் கொள்வோம். வராத நால்வருக்கும் 0 என்று பதிந்திருந்தால் தரவுத்தளம் தரும் சராசரி 45. அவ்விடங்கள் வெற்று மதிப்பாக விடப்பட்டிருந்தால், எஸ்கியூஎல் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் 50 என்று தரும். இரண்டும் பிழையில்லாத வினவல்களே. எது சரியான விடை என்பதை ஆவணந்தான் சொல்ல வேண்டும். இத்தகைய குறிப்புகளை அட்டவணையிலும் நெடுவரிசையிலும் எழுதி வைக்கும் வசதி போஸ்ட்கிரெஸிலேயே உண்டு. வழங்கி அவற்றை எடுத்துக் காட்டவில்லை.

இரண்டாம் குறை, அளவு பற்றிய மௌனம். எத்தனை வரிசைகள் திரும்பும் என்று விளக்கம் சொல்லவில்லை. கருவியும் வரம்பு வைக்கவில்லை. பெரிய அட்டவணை முழுவதையும் முகவர் கேட்டுவிட்டால் அதன் சூழல் இடம் அந்த ஒரே விடையால் நிரம்பிவிடும்.

மூன்றாம் குறையே மிகக் கடுமையானது. ‘படிக்க மட்டும்’ என்ற வாக்குறுதியைக் கருவியால் காப்பாற்ற இயலவில்லை. வந்த வினவலைப் படிக்க மட்டுமான பரிவர்த்தனைக்குள் இயக்கி, முடிவில் அப்பரிவர்த்தனையைத் திரும்பப் பெறுவதே அதன் பாதுகாப்பு முறை. ஆனால் ஒரே சரத்தில் பல கட்டளைகளை அனுப்ப அது இடம் கொடுத்தது. முதற்கட்டளையாலேயே பரிவர்த்தனையை முடித்துவிட்டால், அடுத்த கட்டளை அந்தக் காப்புக்கு வெளியே இயங்கும். இணைப்புக்கு உரிமை இருந்தால் அட்டவணையை அழிக்கவும் செய்யும். டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு 2025இல் இவ்வழுவை விளக்கி எழுதியது. அதே ஆண்டில் இவ்வழங்கி பராமரிப்பற்ற காப்பகத் தொகுப்புக்கு மாற்றப்பட்டது.

விளக்கத்தை நம்பியவர்கள், முழு உரிமையுள்ள கடவுச்சொல்லையே கருவிக்குக் கொடுத்திருக்கக்கூடும். விளக்கமே இல்லாதிருந்தால் எச்சரிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

ஒப்பீடு

அதே தொகுப்பில் இருந்த எஸ்கியூலைட் வழங்கி, படிக்கும் வினவல், எழுதும் வினவல், அட்டவணைகளைப் பட்டியலிடுதல், ஓர் அட்டவணையை விவரித்தல் முதலியவற்றைத் தனித்தனிக் கருவிகளாகப் பிரித்தது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதைக் கருவிகளின் பெயர்களே முகவருக்கு உணர்த்தின. ஆவணம் என்ற அளவில் இது மேலானது. 2025 மார்ச்சில் வந்த நெறிமுறைப் பதிப்பு, ஒரு கருவி தரவை மாற்றாது என அறிவிக்க ஓர் அடையாளத்தைச் சேர்த்தது. அது வெறும் குறிப்பே, நம்பகமற்ற வழங்கியிடமிருந்து வந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றும் நெறிமுறை தெளிவாகக் கூறுகிறது.

திருத்திய வடிவம்

மேற்கண்ட குறைகளை நீக்கி, பள்ளித் தரவுத்தளம் ஒன்றுக்கு எழுதப்படும் விளக்கம் பின்வருமாறு அமையலாம்:

“இக்கருவி ஒரே ஓர் எஸ்கியூஎல் வினவலை இயக்கும். முதலில் அட்டவணைப் பட்டியலைப் பார்க்கவும். 100 வரிசைகள் வரை திரும்பும். மிகுந்தால் வெட்டப்பட்டதாகக் குறிக்கப்படும். தேர்வுக்கு வராதவரின் மதிப்பெண் வெற்று மதிப்பாக இருக்கும். இவ்விணைப்புக்கு எழுதும் உரிமை வழங்கப்படவில்லை.”

இறுதி வாக்கியம் உண்மையாக வேண்டுமானால், தரவுத்தள நிர்வாகி படிக்கும் உரிமை மட்டுமுள்ள பயனர் கணக்கை முதலில் உருவாக்கியிருக்க வேண்டும். ஆவணம் பூட்டின் வேலையைச் செய்யாது. பூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை.

மதிப்பீடு

போஸ்ட்கிரெஸ் வழங்கியின் ஆவணம், எப்படி அழைப்பது என்பதைக் கற்பித்த அளவில் வெற்றி பெற்றது. விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைச் சொல்லத் தவறியது. காப்பாற்ற முடியாத ஒன்றை உறுதி கூறியது. முகவருக்காக எழுதுவோர் கடைசிக் குறையையே முதலில் தவிர்க்க வேண்டும். குறிப்பில் உள்ள சொல்லை ஐயுற்று இன்னொருவரிடம் கேட்கும் வாசகரை மட்டுமே எண்ணி இனி அவர்கள் எழுத முடியாது.